மழை நின்ற பின்னர்

ஒடிசா மாநிலத்துக் கோராபுட் மலைப்பகுதியில், காட்டோரமாக நாங்கள் குடியேறிய முதல் ஆண்டு அது. மழைக்காலம் முழுவதும் கொசுவலைக்குள் உறங்கினோம். ஐப்பசி கழிந்து பனி இறங்கியதும், இனிக் கொசுவுக்கு இடமேது என்றெண்ணி வலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டோம். மார்கழியில் எங்கள் இளைய மகள் குளிர்காய்ச்சலால் நடுங்கினாள். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் மலேரியா என்றார்.

சென்னையில் மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்வது; தொட்டியை மூடிப் பழகியவர்கள் நாங்கள். காட்டின் கணக்கோ வேறு. இங்கே மழைநாளில் 'அனோபிலிஸ் கூலிசிபேசிஸ்' என்னும் இனம் மிகும். மழை ஓய்ந்து, மலையோடைகள் தெளிந்து மெல்ல ஓடத் தொடங்கியதும், ஆற்றின் பெயரையே தாங்கிய 'அனோபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ்' புல் படர்ந்த ஓடைக்கரைகளில் பெருகிப் பனிக்காலத்தில் தலையெடுக்கும். கால்நடையினும் மனித இரத்தத்தையே அது மிகுதியும் நாடுவதால், தொகை குறைந்தாலும் தீங்கு குறைவதில்லை.

மருந்தை முறை தவறாது உட்கொண்டு மகள் நலம் பெற்றாள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் வலை பன்னிரண்டு மாதமும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. காட்டோர ஊர்களுக்கு மாற்றலாகிச் செல்லும் அன்பர்கள், மழையை மட்டும் நோக்காது, அவ்வூர் ஓடைகளையும் நோக்குவார்களாக.