ஊருக்கு இரு சக்கரத்தில்

பம்பாயில் குடியேறிய நெல்லைச் சீமையார்க்கு ஊர்ப் பயணம் என்றால் ரயில் பயணமே. எங்கள் தந்தையார் காலத்தில் சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையுடன் எழும்பூருக்குப் போய், மீட்டர் கேஜ் வண்டி ஏறித் திருநெல்வேலி சேர்ந்தார்கள். இப்பொழுது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உறங்கி எழுந்தால் போதும். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, இந்நகருக்கும் நாங்குநேரிப் பக்கத்து எங்கள் சிற்றூருக்கும் இடையேயுள்ள நாடு முழுவதும் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஓடும் காட்சியாகவே இருந்து வந்தது. வரும் பொங்கலுக்கு அதனைச் சாலை வழியே கடந்து போவதென்று அண்ணன் தம்பி இருவரும் முடிவு செய்துள்ளோம். வாகனம் மோட்டார் சைக்கிள். தூரம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். இதில் வேடிக்கை என்னவெனில், சென்ற வைகாசி வரையில் நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மட்டுமே பழகியவர்கள்.

இத்தகைய பித்து இந்நகருக்குப் புதிதன்று. 1923 அக்டோபரில் ஆறு பார்சி இளைஞர்கள் பம்பாயிலிருந்து சாதாரண மிதிவண்டிகளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா என்னும் மூவரே 1928இல் பயணத்தை முடித்துத் திரும்பினர். 1973இல் இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகம் சுற்றி, இந்தியாவையும் கண்டு சென்ற டெட் சைமன் என்னும் பத்திரிகையாளரும் வண்டி ஓட்டுவதில் பழுத்த அனுபவம் உடையவராய்ப் புறப்பட்டவர் அல்லர். இவ்வரலாறுகளை நாங்கள் வீட்டில் எடுத்துச் சொன்னோம். அன்னையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மிச்சம் மூணு பேர் என்ன ஆனாக?” என்று மட்டும் கேட்டார்.

ஆனி மாதத்தில் பழகுநர் உரிமம் பெற்றோம். அதன் பின்னர் முப்பது நாள் கழிந்த பிறகே நிலையான உரிமத்துக்குத் தேர்வு எழுத இயலும். அந்த முப்பது நாளும் பம்பாய் மழை நாள்கள். மாட்டுங்கா ஐந்து தோட்டத்தைச் சுற்றியுள்ள மரநிழல் வீதிகளில், ஞாயிறு தோறும் விடியற்காலையில், பால்காரர்களும் நடைப்பயிற்சிக்கு வந்த முதியோர்களும் காணக் கிளட்சைப் பிடித்தும் விட்டும் வண்டியை நூறு முறை நிறுத்தினோம். மழை ஒரு நல்ல ஆசான். மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில்தான் சாலை மிகவும் வழுக்கும், ஏனெனில் படிந்துள்ள எண்ணெயும் புழுதியும் அப்பொழுது மேலே மிதக்கின்றன என்பதை அங்கேதான் அறிந்தோம். எட்டுப் போடும் தேர்வில் மூத்தவர் முதல் முறை காலை ஊன்றிவிட்டார். நாற்பது வயதில் தேர்வில் தோற்றவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க இளையவர் பட்ட பாடு பெரிது.

வண்டி வாங்குவதில் சச்சரவு எழுந்தது. இளையவருக்குப் புல்லட் வேண்டும். 1955 முதல் சென்னையில் உருவாகும் வண்டி. அதில் ஊர் போய் இறங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த பழுதுபார்ப்போர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒன்றும் பேசாமல், கடையில் நின்ற புல்லட் ஒன்றைப் பழைய டயர்களின் மேல் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, “தூக்குங்கள்” என்றார். ஏறக்குறைய 190 கிலோ. எங்களால் தனித்தனியே தூக்க முடியவில்லை. கீழே விழுந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடிய வண்டியே புதியவனுக்கு ஏற்ற வண்டி என்றார் அவர். 150 சிசி வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். தெரு திரும்பிப் பார்க்காது, பரவாயில்லை.

நிற்க. முதலில் நாங்கள் தீபாவளிக்கே புறப்படுவதாக இருந்தோம். அது தடைப்பட்ட கதையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புரட்டாசியில் ஒரு ஞாயிறன்று முழுச் சுமையுடன் கண்டாலா வரை ஒத்திகை போனோம். 2002இல் முழுமையாகத் திறந்த புனே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. எனவே பன்வேல், கோபோலி வழியாகப் பழைய சாலையில் போர் காட் மலையேறினோம். ஏற்றத்தில் ஒரு குறையுமில்லை. இறங்கி வருகையில், தேநீர் குடிக்கலாமென்று சாலையோரம் திரும்பிய இடத்தில், நடக்கும் வேகத்தில், சரளைக் கல்லின் மேல், கைப்பிடி திரும்பியிருக்கும் நிலையில் இளையவர் முன் பிரேக்கைப் பிடித்தார். அடுத்த கணம் மூவரும் தரையில் கிடந்தோம்; வண்டியையும் சேர்த்துச் சொல்கிறோம். தலைக்கவசம் இருவர் தலையிலும் இருந்தது. இளையவரின் மணிக்கட்டு எலும்பு விரிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு ஆற்றுவது. ஆயினும் நேராக நிற்கும் சக்கரத்துக்கே அது உரியது. இவ்வளவும் புத்தகத்தில் படித்திருந்தோம். படித்தது கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. ஆனால் எங்களைச் சாய்த்ததில் பாதிப் பங்கு சுமைக்கு உண்டு. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தோம். 34 கிலோ!

அதில் எங்களுடையது எவ்வளவு என்று கேட்பீர்களாயின் நாணமாக இருக்கிறது. ஊருக்குப் போகிறோம் என்ற செய்தி தாராவியில் ஒரு சந்திலிருந்து மறு சந்துக்குப் போக அரை நாள் ஆகாது. செம்பூர் அத்தை தம் மகளுக்குக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரம். அடுத்த வீட்டார் மருமகனுக்குத் தந்த செருப்பு. மாட்டுங்காப் பெரியப்பா தம் தமையனாருக்கு அனுப்பும் மருந்து. இன்னொருவர் கொடுத்த இரண்டு பெட்டி மாகிம் அல்வா. திருநெல்வேலிக்கு அல்வா கொண்டு போவதா என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறவன் பிறர் பொட்டலத்தைச் சுமப்பது நம்மவரிடையே எழுதாத சட்டம். நம் தந்தையர் இங்கே வந்து காலூன்றியதே அவ்வாறு பொட்டலமும் கடிதமும் ஆளும் கைமாறியதால்தானே.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கப் பைகள். தந்தையார் தாராவித் தோல் பதனிடும் கிடங்கில் உழைத்தவர். பதனிடும் தொழில் அங்கே அருகிப் போயினும் தோற்பை தைப்போர் இன்னும் உண்டு. அவர் நினைவாகக் கெட்டித் தோலில் இரண்டு பைகள் தைத்து வாங்கியிருந்தோம். பார்க்க அழகு. வெறும் பையே ஆறு கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். அவற்றைக் கழற்றி வைத்தபோது மணிக்கட்டை விட அதுதான் அதிகம் வலித்தது. இப்பொழுது கான்வாஸ் பைகள். மாற்றுடை இரண்டு, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, சங்கிலிக்கு எண்ணெய், முதலுதவிப் பெட்டி. எல்லாம் 12 கிலோவுக்குள் அடங்கின.

பொட்டலங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனதுதான் இந்த ஆயத்தத்திலேயே கடினமான பகுதி. மலையேறுவது எளிது என்போம். அத்தை பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “சொந்த வண்டி வந்துட்டுதுல்லா” என்றார். அதற்கு என்ன விடை சொல்வது?

விடை சொன்னவர் அன்னையார். அவர் தாமே ரயிலில் போவதாக அறிவித்து, அறுபது நாளுக்கு முன்னர் முன்பதிவு திறந்த காலையிலேயே சீட்டு எடுக்கச் செய்தார். படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு போகலாம். திருப்பிக் கொடுத்த பொட்டலங்களை எல்லாம், அல்வா உட்பட, வீடு வீடாகப் போய் வாங்கி வந்துவிட்டார்.

பயணத் திட்டத்தையும் சுருக்கினோம். இளையவர் முதலில் வகுத்தது மூன்று நாள். இப்போது எட்டு நாள். முதல் நாள் சாத்தாரா, ஏறக்குறைய 260 கிலோமீட்டர், அடுத்து பெல்காவி, மூன்றாம் நாள் தாவணகெரே, நான்காம் நாள் பெங்களூர். அங்கே ஒரு நாள் ஓய்வு. பின்னர் ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம், அப்பால் மதுரை, கடைசி நாள் கோவில்பட்டி, கயத்தாறு தாண்டி ஊர். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. அதைக் காலை வெளிச்சத்தில், தாழ்ந்த கியரில், லாரிகளுக்கு வழிவிட்டுக் கடப்பதென்று குறித்துள்ளோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுபவர் மாற வேண்டும். பொழுது சாய்ந்த பின் சக்கரம் உருளலாகாது. இஃது அன்னையாரின் கட்டளை, அதற்கு மேல்முறையீடு இல்லை. மாலைதோறும் தங்கும் ஊரின் பெயரைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று.

தை பிறக்கும் காலத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மேற்கு மலைகளில் தென்மேற்குப் பருவம் நெடுநாள் முன்பே ஓய்ந்திருக்கும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தீபாவளிக்குப் போயிருந்தால் அந்த மழையின் நடுவிலேயே போய் விழுந்திருப்போம். மணிக்கட்டு உடைந்ததில் இந்த ஒரு நன்மை.

மார்கழி 21ஆம் நாள் விடியலில், செம்பூர் செட்டாநகர் முருகன் கோவில் படியேறித் தொழுதுவிட்டு, வாஷிப் பாலம் நோக்கிப் புறப்படுகிறோம். இளையவரின் கை இப்பொழுது நேராயிருக்கிறது. சென்ற ஞாயிறு மீண்டும் கண்டாலா போய், அதே தேநீர்க் கடையில், அதே சரளையில், பின் பிரேக்கால் மெல்ல நிறுத்தித் தேநீர் குடித்து வந்தோம். நாங்கள் பெங்களூரில் ஓய்வெடுக்கும் நாளன்று அன்னையார் இங்கே ரயிலேறுவார். எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே ஊர் சேர்ந்து, அல்வாவை உரியவரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.