சிங்கப்பூர் - நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் வேறு

ஒரு உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியை நியூயார்க்கில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக் கடல் பக்கமே போகாது. சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேராக மேலே ஏறி, வடதுருவத்தை உரசிவிட்டு, கனடா வழியாகக் கீழே இறங்கும்! சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கை ஒட்டியுள்ள நுவார்க் விமான நிலையத்துக்கும் இடையே அந்த நூலின் நீளம் சுமார் 15,340 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் எப்போதும் நூல் பிடித்த மாதிரி பறப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று அடிக்கிறது. அது முதுகைத் தள்ளினால் பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதே லாபம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் நேரம் மிச்சம். எப்படிப் போனாலும் சுமார் பதினெட்டு மணி நேரம் ஆகும்.

கடிகாரக் கணக்கு இன்னும் வேடிக்கை. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கி இருக்கும். சிங்கப்பூரில் இரவு பதினொன்றரைக்கு ஏறினால், அங்கே மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்கலாம். திரும்பும்போது காலையில் ஏறினால், இறங்குவது மறுநாள் சாயங்காலம்.

இனி காசுக் கணக்கு. இவ்வளவு தூரம் பறக்கத் தேவையான எரிபொருளைச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை வைத்து இந்த இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. 2008-ல் அதில் இருந்தவை 100 பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் மட்டுமே. அப்படியும் எரிபொருள் செலவு கட்டுபடியாகாமல் 2013-ல் நிறுத்திவிட்டது. 2018-ல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350 வந்த பிறகுதான் மீண்டும் தொடங்க முடிந்தது. அதிலும் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பு கிடையாது.

அந்த ஐந்து வருடங்களில் இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட விலகவில்லை. ஆனால் இடையே இருந்த நேரம் கூடிவிட்டது. வழியில் பிராங்க்பர்ட் போன்ற ஓர் ஊரில் இறங்கி ஏறினால் நான்கைந்து மணி நேரம் அதிகம்.

சுற்றுலா போகிறவருக்கு நான்கைந்து மணி நேரம் பெரிய விஷயமில்லை. சிங்கப்பூரில் அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறார், மகன் நியூயார்க்கில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை ஒருமுறை பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த நான்கைந்து மணி நேரத்தில் இருக்கலாம். நேராகப் போகும் விமானத்தில் எகானமி டிக்கெட் இல்லை. கையில் அவ்வளவு காசு இல்லாவிட்டால் அவன் சுற்றித்தான் வந்தாக வேண்டும்.

தூரம் எல்லோருக்கும் 15,340 கிலோமீட்டர்தான். அதைக் கடக்கும் நேரத்துக்குத்தான் விலை இருக்கிறது. வெளிநாட்டு வேலையில் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிறவர்கள், அவசரத்துக்கு வீடு வந்து சேர எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது. என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?