நிமித்தமும் நெஞ்சும்

ஆங்கிலப் பெருங்கவி ஷேக்ஸ்பியர் இயற்றிய துன்பியல் நாடகங்களுள் அளவிற் சிறியது 'மாக்பெத்'. ஏறத்தாழ 1606-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அது, கவிஞர் மறைந்து ஏழாண்டு கழிந்த பின், 1623-இல் முதன்முதலாக அச்சேறிற்று. கதை யாவரும் அறிந்ததே. போரில் வாகை சூடி மீளும் தானைத் தலைவனைப் பாழ்வெளியில் மூன்று சூனியக் கிழவியர் எதிர்ப்பட்டு, அவன் அரசனாவான் என்கின்றனர். அச்செய்தியை அவன் மனைவிக்கு ஓலையிற் போக்குகின்றான். தன் இல்லத்திற்கு விருந்தினனாக வந்த முதுவேந்தன் டங்கனை உறக்கத்திற் கொன்று முடி கவர்கின்றான். அதன்பின் அவனுக்கு உறக்கம் இல்லை. அவளுக்குக் கைக்கறை நீங்குவதில்லை.

இந்நாடகத்தை வகுப்பிற் பாடமாகக் கேட்டபொழுது எமக்குத் தோன்றாத ஐயம் ஒன்று மலையூர் ஒன்றில் எழுந்தது. கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில், சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்தில், எம் அத்தையார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். சில்வர் ஓக் மரங்களின் நிழலிற் காப்பிச் செடியும், அம்மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடியும் சூழ்ந்த இடம் அது. காப்பிப் பழம் பறிக்கும் காலமாதலின் பகலெல்லாம் ஆரவாரம். பொழுது சாய்ந்தால் பனியும் அமைதியும். ஓரிரவு மின்விளக்கு அவிந்துவிட்டது. பழம் பறிக்கும் பெண்டிர் இருவர் திண்ணையில் அமர்ந்திருந்தனர். அத்தையார் நான்காம் வகுப்புக்கு மேற் பயின்றவரல்லர். விவிலியம் ஒன்றே அவர்தம் நூலகம். 'ஏதேனும் கதை சொல், தம்பி' என்று அவர் கேட்க, கையிலிருந்த பாடப்புத்தகக் கதையையே தமிழிற் சொல்லலானோம்.

அரசன் விருந்துண்டு அவ்வீட்டிலேயே உறங்கினான் என்றதும், பெண்டிருள் ஒருத்தி, 'சோறு போட்ட வீட்டிலா?' என்று மார்பிற் கை வைத்தாள். அத்தையாரோ வேறொன்று கேட்டார்: 'அந்தக் கிழவிகள் கொல் என்று சொன்னார்களா, தம்பி?'

'இல்லை, அத்தை. அரசனாவாய் என்றார்கள், அவ்வளவே.'

'அப்படியானால் கொல்லுகிற யோசனை யாருடையது?'

மறுநாட் காலையில் நூலை எடுத்து மீண்டும் நோக்கினோம். அத்தையார் கூற்று முற்றும் சரி. டங்கன் உயிரோடிருந்த காலமெல்லாம் கொலை என்னும் சொல்லை அக்கிழவியர் மாக்பெத்திடம் ஒருகாலும் கூறவில்லை. நற்செய்தி கேட்டவன் மகிழ்தல் இயல்பு. மாக்பெத்தோ கேட்ட கணமே திடுக்கிடுகின்றான். உடன் நின்ற நண்பன் பாங்கோ அதனைக் கண்டு வியந்து, காரணமும் வினவுகின்றான். சிறிது பொழுதில் மாக்பெத் தனக்குள் பேசும்போது, தன் மயிர் சிலிர்க்கும் கொடிய காட்சியொன்று தன் நெஞ்சில் தோன்றியதாகக் கூறுகின்றான். விதையைக் கிழவியர் இட்டனர் என்பாருளர். எமக்கோ விதை முன்னரே நிலத்தில் கிடந்தது, அவர் ஊற்றியது நீரே என்று தோன்றுகிறது.

பாங்கோவும் அதே வெளியில் நின்று அதே வாயிலிருந்து ஒரு நிமித்தம் கேட்டவனே. அவன் மரபினர் அரசராவர் என்பது அது. அவன் எவரையும் கொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிற் பாங்கோவும் கொலைக்கு உடன்பட்டவனாகவே காணப்படுகின்றான். நாடகம் இயன்ற காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட ஜேம்ஸ் மன்னரோ, 1603-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து முடிசூடியவர். பாங்கோவின் வழித்தோன்றல் எனக் கருதப்பட்டவர். ஆளும் அரசனுடைய முன்னோனைக் கொலைக்குத் துணையாக அரங்கில் ஏற்ற எந்தப் புலவன் துணிவான்! நம் நாட்டில் மெய்க்கீர்த்தி பாடியவர்க்கு இவ்வித்தை சொல்லித்தர வேண்டுவதில்லை. எனினும் அச்சத்தாற் செய்த அம்மாற்றமே நாடகத்திற்குப் பெரும்பேறாயிற்று; ஒரே நிமித்தத்தின் முன் இரண்டு நெஞ்சங்கள் நின்றன.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தில் வஞ்சி மாநகர் நினைவுக்கு வாராமல் இராது. அங்கும் ஓர் அரசவை. அங்கும் ஒரு நிமித்திகன். சேர வேந்தன் தன் மைந்தர் இருவரோடு வீற்றிருக்க, இளையோனுக்கே அரசிருக்கைக்குரிய இலக்கணம் உண்டு என்று நிமித்திகன் உரைத்தான். மூத்தோன் செங்குட்டுவன் உள்ளம் வருந்தினான். இளையோன் செய்தது என்ன? நிமித்தம் பொய்க்கும்வண்ணம் தானே அரசு துறந்து, குணவாயிற் கோட்டத்துத் துறவியாக அமர்ந்தான். அவரே சிலப்பதிகாரம் யாத்த இளங்கோவடிகள். இச்செய்தி அந்நூலின் வரந்தரு காதையிலேயே வருகிறது. இது வரலாற்றுண்மைதானா என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர், ஐயுறுக. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-இல் அந்நூலை அச்சிற் பதிப்பித்த நாள்முதல் அதனைப் பயின்று வரும் தமிழுலகம், நிமித்தம் கேட்டு மனிதன் செய்யத்தக்கது இன்னதென இக்கதையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊழின் வலிமையை அடிகளைப் போலப் பாடியவர் சிலரே. அவர்தாம் தம் ஊழை மறுத்தெழுந்தவர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

திண்ணையில் அமர்ந்திருந்தவள் தன் குலக்கதையொன்று சொன்னாள். இம்மலைவாழ் மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறிய உடன்பிறந்தார் மூவரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வர். அம்மூவருள் மூத்தோன் சேர்வராயன் மலைக்கும், ஏனையோர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் சென்றனராம். மூவர்க்கு மூன்று மலை வாய்த்தது அவர்களது நற்பேறு. அரியணை எங்கும் ஒன்றே.

விவிலியத்திலும் இவ்வாறான ஓர் இரவு உண்டு. சாமுவேல் தீர்க்கதரிசி தாவீதை எண்ணெயால் அபிஷேகம் செய்துவிட்டார்; அரசு அவனுக்கே என்பது தேவவாக்கு. ஆளும் அரசனாகிய சவுல் அவனைக் கொல்லத் துரத்துகின்றான். எங்கேதியின் குகையொன்றில் சவுல் தனியே அகப்பட, இதுவே கடவுள் தந்த வேளை என்று தோழர்கள் தூண்டுகின்றனர். தாவீது அரசனுடைய மேலாடையின் ஓரத்தை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் நெஞ்சு அவனை அடித்தது. பின்னொருமுறை பாளையத்தில் சவுல் உறங்கிக் கிடக்க, தலைமாட்டில் ஈட்டி குத்தியிருந்தது. கையெட்டும் தொலைவில் அரியணை! தாவீது ஈட்டியையும் நீர்ச்செம்பையும் எடுத்துக்கொண்டு திரும்பினான். உறங்கும் அரசன், இரவு, கைக்கெட்டிய படைக்கலம், முன்னரே உரைத்த வாக்கு என இவையெல்லாம் டங்கனின் பள்ளியறையிலும் உள்ளன. ஆடையோரத்திற்காக வருந்தும் நெஞ்சு ஒன்றே ஆண்டு இல்லை. இதே தாவீது பிற்காலத்தில் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்தான் என்பதையும் மறைத்தல் தகாது. அரியணைக்காகக் கொலைசெய்யாதவன், அதில் ஏறி அமர்ந்தபின் செய்தான்.

அரசர் கதை நமக்கெதற்கு என்று தள்ளிவிடவும் இயலவில்லை. கல்லூரியில் அரியணை இல்லை, பட்டியல் உண்டு. தேர்வுக்கு முன்னாள் இரவில், எப்பொழுதும் முதல்வனாக நிற்கும் தோழன் சுரத்தில் படுத்திருக்கின்றான் எனக் கேட்டு, 'ஐயோ' என்று வாய் சொல்லும். அவ்வாயின் பின்னே மிகச் சிறியதொரு மகிழ்ச்சி எட்டிப் பார்த்து மறையும். அது எவர் நெஞ்சிலும் தோன்றக்கூடியதே. ஆசை தீதென்று யாம் கருதவில்லை. முதன்மையை விரும்பாதவன் கற்பது எங்ஙனம்? ஆயினும் முன்னேறிச் செல்லும் விருப்பமும், முன் நிற்பவன் இல்லாதொழிய வேண்டும் என்னும் விருப்பமும் ஒரே ஆடை உடுத்து வருவனவாதலின், வாயிலில் வைத்து இனம் காண்பது அரிது.

கொலைக்குப் பின்னைய காட்சியை எண்ணும்போதெல்லாம் எமக்கு முன்னிற்பது குருதியன்று. ஒரு சிறு சொல். பக்கத்து அறையில் உறங்கியோர் விழித்துக் கடவுளை வேண்டிக்கொள்ள, மாக்பெத்தின் தொண்டையில் 'ஆமென்' எழவில்லை. ஏன் எழவில்லை என்று மனைவியிடம் மீண்டும் மீண்டும் கேட்கின்றான். அருள் மிக வேண்டிய வேளையில் அச்சொல் ஒட்டிக்கொண்டது என்று புலம்புகின்றான். நாள்தோறும் சிற்றாலயத்தில் எண்ணாமலே அச்சொல்லைச் சொல்லிப் பழகிய எமக்கு, அது ஒருவனுக்கு வாராது போகும் என்பது பேரச்சம் தந்தது. அவன் மனைவியோ, சிறிது நீர் போதும் என்றாள். பிலாத்துவும் அவ்வாறே எண்ணித்தானே கை கழுவினான்! பிறகு அவள் உறக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத கறையைத் தேய்க்கின்றாள்.

நம் பாண்டியன் நெடுஞ்செழியன் இவ்வகையில் ஊழ்நல்லன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அப்பொழுதே, தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். அவன் கொன்றது அறியாமையால்; அறிந்தபின் ஒரு கணமும் வாழவில்லை. மாக்பெத் அறிந்தே கொன்றான், ஆதலின் வாழவேண்டியதாயிற்று. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) நாடகத்திலும் குடிலன் என்னும் அமைச்சன் அரசு கவரச் சூழ்கின்றான். எனினும் அவன் கை தன் வேந்தன் குருதியில் தோயவில்லை. எனவே கொலைக்குப் பின் நெஞ்சு படும் பாட்டை ஆண்டுக் காண இடமில்லை.

அதனைக் காண வேண்டின் கடல் கடந்து இலங்கைக்குச் செல்ல வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தாதுசேனனுக்கு மைந்தர் இருவர். பட்டத்தரசியின் மகன் மொக்கல்லானன். தாழ்ந்த நிலைத் தாய்க்குப் பிறந்த மூத்தோன் காசியப்பன். தாதுசேனன்பால் வஞ்சம் கொண்ட படைத்தலைவன் மிகாரனே இவனுக்குக் கிழவியரும் மனைவியும் ஆயினான். காசியப்பன் தந்தையைச் சிறையிட்டான். மொக்கல்லானன் இந்திய நாட்டிற்கு ஓடிப் பிழைத்தான். மறைத்துவைத்த செல்வம் எங்கே என்று தந்தையை வருத்த, முதியவன் தான் கட்டுவித்த கலாவெவப் பேரேரிக்குத் தன்னை அழைத்துச் செல்லச் சொன்னான். அந்நீரில் மூழ்கி, கையால் நீரை முகந்து, தன் செல்வமெல்லாம் அதுவே என்றான் எனச் சூளவம்சம் கூறும். பின்னர் அவனைச் சுவரிடை வைத்து அடைத்துக் கொன்றனர்.

477-இல் முடி கவர்ந்த காசியப்பன் தலைநகரில் உறங்கவில்லை. ஏறத்தாழ 600 அடி உயர்ந்து செங்குத்தாய் நிற்கும் சிகிரியாப் பாறையின்மேல் அரண்மனை எடுத்து, சிங்க வாயில் அமைத்து, அதனுட் புகுந்துகொண்டான். அச்சிங்கத்தின் பாதங்களையும் பாறைச்சுவரில் தீட்டிய பெண்டிர் ஓவியங்களையும் இன்றும் உலகோர் கண்டு வியக்கின்றனர். அச்சம் இத்துணை அழகாக வேறெங்கும் கட்டியதில்லை. மறுமைக்கு அஞ்சி நோன்பு நோற்றான். அறம் பல செய்தான். பழைய விகாரை ஒன்றை விரிவாக்கி, தன் பெயரும் தன் பெண்மக்கள் இருவர் பெயரும் இட்டுத் துறவியர்க்கு அளிக்க முன்வந்தான். அவர்கள் ஏற்கவில்லை. தந்தையைக் கொன்றவன் கொடையைப் பெற்றார் என உலகம் பழிக்குமே என்று அஞ்சினர். காசியப்பன் அதனைப் புத்தர் திருவுருவத்திற்கே உரிமையாக்கினான். அது தம் ஆசானுடைய பொருள் என்ற பின்னரே துறவியர் ஏற்றனர்.

இவ்விடத்தை எத்துணை முறை படித்தாலும் எமக்கு மனம் அடங்குவதில்லை. துறவியர் செய்தது முறையே. ஆயினும் கொடை நீட்டிய கை காற்றில் நின்ற அந்த நேரத்தை எண்ணுக. 'ஆமென்' எழாத தொண்டைக்கும் அக்கைக்கும் வேறுபாடு என்ன? அவனிடம் ஒருவர் விகாரையை மறுத்து, 'நின் தந்தையைப் பற்றிப் பேசு' என்று கேட்டிருந்தால்! உரியாவைக் கொன்ற தாவீதுக்கு நாத்தான் தீர்க்கதரிசி அவ்வாறு வந்தார். ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைக் கதையாகச் சொல்லி, அவன் வாயாலேயே தீர்ப்பு வாங்கி, 'நீயே அவன்' என்றார். தாவீது அழுதான். மாக்பெத்திடம் அவ்வாறு வந்தவர் எவருமிலர். வந்திருக்கக்கூடிய பாங்கோவையும் அவன் கொல்வித்துவிட்டான்.

மெய்யான மாக்பெத்தின் வரலாறு நாடகத்தினும் வேறு. டங்கன் முதியவனல்லன், 1040-இல் உறக்கத்திலன்றிப் போரிலேயே மடிந்தான். மாக்பெத் 1057 வரை 17 ஆண்டு ஆண்டான். 1050-இல் ரோமாபுரிக்கு யாத்திரை சென்று, ஏழைகளுக்கு விதை விதைப்பது போலப் பொருளை இறைத்தான் என்று அந்நூற்றாண்டுத் துறவி ஒருவர் குறித்துவைத்துள்ளார். எதற்காக இறைத்தான் என அவர் எழுதவில்லை.

காசியப்பன் ஆட்சி 18 ஆண்டு. 495-இல் மொக்கல்லானன் படையொடு மீண்டான். பாறையில் இருந்தபடியே பகைவனை எதிர்க்கலாம். காசியப்பனோ இறங்கி வந்தான். வழியிற் சேற்றுநிலம் கண்ட அவன் யானை சற்றே விலகித் திரும்ப, அரசன் புறங்காட்டுகின்றான் என எண்ணிப் படை சிதறியது. தனித்து நின்றவன் குறுவாளால் தன் கழுத்தை அறுத்து, வாளை உயர்த்திக் காட்டி, உறையில் இட்டு வீழ்ந்தான். மொக்கல்லானன் அண்ணனுக்குரிய ஈமக்கடனைச் செய்து, அநுராதபுரம் திரும்பினான். சிகிரியா துறவியர் உறையும் இடமாயிற்று.