வாப்பாவின் மெசின்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் மட்டும் வாசியுங்கள். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வளவுக்குள் கேட்ட சத்தம் என்னவென்று நாலைந்து பேர் விசாரித்தீர்கள். வாப்பாவின் போட் மெசின்தான் அது. ஏறக்குறைய மூன்று வருசத்துக்குப் பிறகு தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் ஓடியது. அதை ஓட வைக்க எங்களுக்கு ஐந்து கிழமை பிடித்தது. "பிளக்கை மாத்திப்போட்டு இழுத்தா ஓடும், இதுக்குப் போய் ஐந்து கிழமையா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது கடற்கரைப் பக்கம் இருக்கிற எவருக்கும் மறக்காது. அதற்கு முன்பே எண்ணெய் கிடைக்கவில்லை, வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. வாப்பா போட்டைக் கரையேற்றினார். மெசினைக் கழற்றிப் பின் கொட்டிலில் மரத்தாங்கியில் மாட்டி வைத்தார். அப்போதே அவருக்கு நெஞ்சு வருத்தம். அடுத்த நோன்புக்கு முன் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். ஒருவரும் கடல் தொழில் இல்லை. அவர் படிப்பிக்கத்தானே எங்களைப் படிப்பித்தார்.

மாரி காலத்தில் மெசினை ஓய்வில் போடுவதற்கு முன் வாப்பா செய்கிற வேலை ஒன்றிருந்தது. சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார். காபரேட்டரில் இருக்கிற எண்ணெய் முடியும் வரை ஓடவிட்டுத் தானாக நிற்க விடுவார். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு கரண்டி டூ-ரி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுப்பார். 2022இல் அவருக்கு அதற்குச் சுகமில்லை. நாங்கள் செய்தது ஒன்றுதான். தூசு படக்கூடாதென்று சாக்கால் சுற்றிக் கட்டினோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். அந்தச் சாக்கு மூன்று மாரி ஈரத்தையும் மெசினோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது.

இப்போது தங்கச்சியின் மகன் கடலுக்குப் போகப் போகிறேன் என்று நிற்கிறான். ஏ.எல். இரண்டாம் தரமும் சரிவரவில்லை. மாமாமார் எல்லோரும் சேர்ந்து கட்டார், தொழிற்பயிற்சி என்று சொல்லிப் பார்த்தோம். "அப்பாட மெசின் சும்மாதானே கிடக்கு" என்றான். உம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் முடிவு சொல்வதற்கு முன்பே அவன் கயிற்றை இழுத்திருக்கிறான். அசையவில்லை. மேல் மூடியைக் கழற்றி, பிளைவீல் நட்டில் ஸ்பெனரைப் போட்டு, அதன் வாலில் இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு நின்றபோதுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். அந்த நேரத்தில் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார். இரத்மலானையில் சின்ன விமானங்களைத் திருத்துகிற இடத்தில் வேலை, ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்தவர். "சேர், அத நிப்பாட்டச் சொல்லுங்க. ரிங் துருவோட சிலிண்டர்ல ஒட்டியிருக்கும். பலத்துக்குத் திருப்பினா ரிங் உடையும், சுவரும் கீறும்" என்றார்.

அன்று மாலை தேத்தண்ணியோடு அவர் சொன்ன விசயங்கள் எங்களுக்குப் புதுசு. செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களில் அநேகமாக நாலு சிலிண்டர் லைக்கோமிங் எஞ்சின்தான். அதில் வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம் தண்டு எஞ்சினின் மேல் பக்கம் இருக்கிறது. விமானம் பறக்காமல் கிடந்தால் ஒயில் எல்லாம் கீழே வடிந்துவிடும். மேலே கேம் காய்ந்துபோய், கடற்கரைக் காற்றில் துரு பிடிக்கும். பிறகு ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நல்லாகத்தான் ஓடுமாம். சத்தத்தில் ஒரு குறையும் தெரியாது. துருப்பிடித்த இடம் பல மணித்தியாலம் பறந்த பிறகுதான் தேய்ந்து, உலோகத் தூளாக ஒயில் பில்டரில் வந்து விழும். "ஸ்டார்ட் ஆகிறது வேற, பறக்கத் தகுதியாகிறது வேற சேர்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். சும்மா நிற்கிற எஞ்சினைக் கிழமைக்கு ஒருக்கா ஐந்து நிமிசம் ஓடவிடுவது நல்லதில்லையாம். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகும். ஒயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். ஐந்து நிமிச ஓட்டத்தில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கையால் புரொப்பெல்லரைச் சுழற்றி வைப்பதும் அப்படித்தான், மிச்சமிருக்கிற ஒயில் படலத்தை வழித்தெடுத்துவிடும். (ஊரடங்கு நாட்களில் மோட்டார் சைக்கிளைத் தினமும் இரண்டு நிமிசம் முறுக்கி வைத்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று நினைக்கிறோம்.)

நீண்ட நாளைக்கு நிறுத்துவதென்றால் அவர்கள் துருத்தடுப்பு ஒயில் ஊற்றி ஓடவிட்டு, சிலிண்டருக்குள்ளும் விசிறி, பிளக் இருந்த இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த கண்ணாடி மூடிகளைப் பூட்டுவார்களாம். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். நாங்கள் வகுப்பில் கோபால்ற்று குளோரைட்டுத் தாளை வைத்துக் காட்டுகிற அதே விசயம். திரும்ப வேலைக்கு எடுக்கும்போது அந்த மூடிகளையும் புகைக்குழாய் அடைப்புகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிக் கழற்ற வேண்டும். கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி மிச்ச ஒயிலை வடிய விடவேண்டும். சின்னக் கமராவை உள்ளே விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, "அவரும் கரண்டியால ஒயில் விடுறதானே" என்றா. ஓம், அதேதான்.

அடுத்த நாள் வேலையைத் தொடங்கினோம். இரண்டு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றிவிட்டுக் கைவைக்காமல் விட்டோம். தினமும் சுபஹுக்குப் பிறகு மருமகன் பிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பான். ஆறாம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள்.

பிறகு நம் ஊர் பாஸ் ஒருவர் வந்து ஹெட்டைக் கழற்றினார். மேல் சிலிண்டரில் லேசான துரு. கீழ் சிலிண்டரில் பிஸ்டன் நின்ற இடத்தில் வளையம் போட்டதுபோல் துரு, விரலால் தடவினால் தட்டுப்பட்டது. ரிங்குகள் பள்ளத்துக்குள் இறுகிக் கிடந்தன. டூ-ஸ்ட்ரோக் மெசினில் பெயாரிங்குக்குத் தனி ஒயில் கிடையாது, எரிபொருளோடு கலந்து வருகிற ஒயில்தான் கதி. அதனால் கீழ்ப் பக்கத்தையும் பிரித்தோம். ஒரு பெயாரிங் போட வேண்டிவந்தது. காபரேட்டருக்குள் பழைய மண்ணெண்ணெய் பிசினாகியிருந்தது. கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, சீல் போய்த் தண்ணீர் உள்ளே நுழைந்திருக்கிறது. தண்ணீர் இறைக்கிற இம்பெல்லரின் றப்பர் இதழ்கள் ஒரு பக்கம் மடிந்து அப்படியே இறுகியிருந்தன. அதோடு ஓடவிட்டிருந்தால் சூடேறிப் பிஸ்டன் இறுகியிருக்கும். எல்லாம் மாற்றிய பிறகும் பக்கத்துச் சின்ன ஓட்டையால் தண்ணீர் பீச்சவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் மண்ணாக உதிர்ந்தது. குளவிக் கூடு.

அதைப் படம் பிடித்து இரத்மலானைக்கு அனுப்பினோம். அவர் திருப்பி எழுதினார்: 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு பயணிகள் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மௌத்தானார்கள். வேகம் காட்டுகிற குழாய் அடைபட்டதுதான் தொடக்கம். விமானம் மூடியில்லாமல் நின்றபோது உள்ளே குளவி கூடு கட்டியிருக்கலாம் என்றுதான் விசாரணையில் சந்தேகித்தார்கள். மருமகனுக்கு அதை வாசித்துக் காட்டினோம். அன்றிலிருந்து ஓட்டைகளுக்கெல்லாம் துணி அடைக்கிறான், எத்தனை அடைத்தான் என்று சுவரில் கரியால் எழுதியும் வைக்கிறான்.

முதல்நாள் பரலில் ஓடியதும் அவன் கேட்டது, "நாளைக்குப் போகவா மாமா?" நாங்கள் இல்லை என்றோம். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். போன வருசம் நம் கரையிலிருந்து போன ஒருவருக்கு நடந்தது இதுதான். கரையில் பத்து நிமிசம் நன்றாக ஓடிய மெசின், கரை கண்ணுக்கு மறைகிற தூரத்தில் நின்றது. அடுத்த நாள் பகல் வேறு போட்காரர்கள் கட்டியிழுத்து வரும் வரை அவருடைய வீட்டில் யாரும் சோறு சமைக்கவில்லை. நாங்களும் அந்த வாசலில் போய் இருந்தவர்கள்தான். அதனால் மூன்று நாள் பரலில், ஒவ்வொரு தரமும் நேரத்தைக் கூட்டிக் கூட்டி ஓடவிட்டோம். ஒவ்வொரு தரமும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பாஸ் அமுக்கம் அளந்தார், மேல் சிலிண்டர் 105, கீழ் 90.

நேற்றுக் காலை போனான். துடுப்பு இரண்டு, நங்கூரம், தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் இன்னொரு போட், கரை தெரிகிற தூரம் மட்டும் என்று பேச்சு. உம்மா கடற்கரைக்கு வரவில்லை, வாசலில் யாசீன் ஓதிக்கொண்டு இருந்தா. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் ஒரு தரம் இருமியது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தான். மீன் என்று சொல்ல ஒன்றுமில்லை, சூடை ஒரு கைப்பிடி. நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோய் மெசினைக் கழுவினான்.

கீழ் சிலிண்டரின் 90 எங்களுக்கு இன்னும் மனதுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாரிக்குள் அளவு பெருப்பித்துப் புது பிஸ்டன் போடத்தான் வேண்டும் என்கிறார் பாஸ். அதுவரை அவன் தூரம் போவதில்லை. 15 குதிரை மண்ணெண்ணெய் மெசினுக்குக் கழற்றிய, நல்ல நிலையிலுள்ள சிலிண்டர் கட்டை யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.