களியும் நடையும் என்று சொன்னேன்

2012-இல் பெங்களூருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். எடை குறைப்பதற்கான ஆபரேஷன். அப்போது எனக்கு 48 வயது, எடை 118 கிலோ. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று நான் வேலை பார்த்த பள்ளியில் சொன்னேன். எங்கள் ஊரான பென்னாகரத்தில் நாற்பதைத் தாண்டிய பெண் அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன். என் கணவருக்கும் மகனுக்கும் மட்டுமே உண்மை தெரியும். அவர்களையும் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டிப்போட்டேன்.

ஒன்றரை வருடத்தில் 79 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. பார்க்கிறவர்களெல்லாம் என்ன பண்ணினீர்கள் டீச்சர் என்று கேட்டார்கள். "ராத்திரிக்கு ஒரே ஒரு ராகிக் களி உருண்டை, கீரைக் கடைசல். சாயந்திரம் ஒகேனக்கல் ரோட்டில் நடை. அவ்வளவுதான்" என்றேன். களி தின்றது உண்மை, நடந்ததும் உண்மை. ஆனால் என் எடையை இறக்கியது அவை இரண்டும் இல்லை. ஸ்லீவ் என்கிற அந்த அறுவையில் இரைப்பையை ஒரு குழாய் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியே அடங்கிப் போகிறது. ஒரு உருண்டை களியோடு நான் எழுந்ததற்கு மன உறுதி காரணமில்லை, அதற்கு மேல் உள்ளே இடமில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், வெட்கம். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். சாப்பாட்டைக் குறைக்கத் துப்பில்லாமல் கத்தி வைத்துக் குறைத்துக்கொண்டாள் என்று அதற்கு மேல் ஒரு பேச்சு வரும் என்று பயந்தேன். மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் வேறு. இவையெல்லாம் முதல் வருடத்துக்குப் போதுமான காரணங்கள். அதற்குப் பிறகும் மறைத்ததற்கு ஒரே காரணம், பாராட்டு இனித்தது. மகளிர் குழுக் கூட்டத்தில் மைக் பிடித்து, மனசு வைத்தால் எந்தப் பெண்ணாலும் முடியும் என்று பேசினேன். கைதட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளரும் இருந்தார். என்னைவிடச் சின்னவர், அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கனத்த உடம்பு. மறுநாளிலிருந்து நான் சொன்னதை அப்படியே செய்ய ஆரம்பித்தார். காலையில் டீ, ராத்திரி ஒரு உருண்டை களி. நடுவில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருந்தார். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஒருநாள் சமையல் கூடத்தில் வியர்த்துக் கொட்டி விழுந்தார். வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். கண் விழித்து என்னைப் பார்த்து, "உங்களால முடிஞ்சது என்னால முடியல டீச்சர், எனக்கு வைராக்கியம் பத்தல" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு பல வருடங்கள் அவர் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் இதுதான்.

அந்தப் பொய் என் உடம்பையும் விடவில்லை. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இங்கே மருந்துக்கடையில் நிற்பது என் பழைய மாணவன். ஊசி போடும் நர்ஸ் என் மாணவியின் அம்மா. எதற்கு டீச்சர் மாசாமாசம் பி12 என்று கேட்டால் என்ன சொல்வது? முதலில் தருமபுரிக்குப் போய் வாங்கினேன். பிறகு போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்புகளைப் பள்ளியில் இருக்கிறேன் என்று துண்டித்தேன். முடி கொட்டியது, நாக்கு எரிந்தது, பாதம் மரத்தது. எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போட்டேன். சர்க்கரை திரும்பி வந்ததும் மெட்ஃபார்மின் ஆரம்பித்தார்கள். அதுவும் பி12-ஐக் குறைக்கும். ஸ்லீவ் பற்றி அந்த மருத்துவரிடமும் நான் சொல்லவில்லை.

எடையும் திரும்பியது. இதை நான் தனிக் குற்றமாகச் சொல்லப்போவதில்லை. 1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய பெரிய ஆய்விலேயே, முதல் ஓரிரு வருடத்தில் இறங்கிய எடையில் ஒரு பங்கு பின்னால் ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சுருக்கிய இரைப்பை மெல்ல விரியும், பசியும் மெல்லத் திரும்பும், மாதவிடாய் நிற்கும். ஆனால் 79-லிருந்து 84-க்கு வந்தபோதே யாரிடமாவது காட்டியிருந்தால் அங்கேயே தடுத்திருக்கலாம். களியும் கறியும் அதிகம் இறங்காது, மிக்சரும் முறுக்கும் சர்க்கரை போட்ட டீயும் தடையில்லாமல் வழுக்கி இறங்கும் என்பதைக் கண்டுகொண்டேன். வகுப்புக்கு வகுப்பு டீ குடித்தேன். இப்போது எனக்கு 62 வயது, 104 கிலோ. மூட்டு தேய்ந்துவிட்டது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி வருகிறது.

அதனால்தான் இரண்டாவது ஆபரேஷனைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது. இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாக விட்டு, சிறுகுடலை அதோடு நேராக இணைப்பார்கள். ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலேறித் தவிப்பவர்களுக்கு இது நல்ல தீர்வு என்கிறார்கள். வயது தடையில்லை. 2022-இல் அமெரிக்க, சர்வதேச எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுக்கு மேல்வரம்பு வைக்காமல் உடல் தாங்குமா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் முதல் ஆபரேஷனைவிட இரண்டாவதில் ஆபத்து கூடுதல். உள்ளே தழும்பு ஒட்டிக்கிடக்கும், தையல் கசியும் வாய்ப்பு அதிகம், எடை முதல் தடவை அளவுக்கு இறங்காது. 2024-இல் எடை குறைப்பு ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை மகன் எனக்கு அனுப்பி, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தான்.

இரண்டாவது ஆபரேஷனுக்காகப் பார்க்கப் போன புது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது. "களி, கீரை. நடக்கிறேன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. மாத்திரைகள் சரியாக எடுத்தீர்களா என்றார். எடுத்தேன் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பி12, இரும்பு, டி மூன்றுமே தரையில் கிடந்தன. இரண்டாவது முறை போனபோது முடிவுகளை என் பக்கம் திருப்பி வைத்தார். பொய் சொன்னேன் என்று அப்போதுதான் முதல் தடவையாக ஒருவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. பைபாஸ் செய்தால் சத்துக் குறைபாடு இன்னும் கூடும், எலும்பு முறியும் அபாயமும் கூடும் என்று விளக்கினார். மூட்டு வலிக்கு நான் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளை அதற்குப் பிறகு தொடவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும் என்றார். எந்த ஊர் என்று கேட்டவர் என் பற்களையும் பார்த்தார். தருமபுரி மாவட்டத்தில் என் வயதுக்காரர்களில் பலருக்குப் பல்லில் இந்தப் பழுப்புக் கறை உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நாங்கள் குடித்து வளர்ந்தது ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீர். அது எலும்பை ஸ்கேனில் அடர்த்தியாகக் காட்டும், உறுதியைக் கூட்டாது. ஸ்கேன் நன்றாக வந்தாலும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றார். 2025-இல் இந்தியாவுக்கு வந்த, எடை குறைக்கும் மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகளைப் பற்றியும் பேசினோம். அவற்றுக்கும் விடாத கண்காணிப்பு வேண்டும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். எந்த வழியில் போனாலும் நான் மறைத்துக்கொண்டு வாழ முடியாது.

போன மாதம் அமைப்பாளர் வீட்டுக்குப் போனேன். கர்ப்பப்பைக் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் மயங்கி விழுந்தப்பவும் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற உரிமையும் எனக்கில்லை. கிளம்பும்போது வாசல் வரை வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவராகவே போன் செய்து, அந்த மருத்துவரிடம் தனக்கும் ஒரு நாள் வாங்கித் தர முடியுமா என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் புண் தெரிந்திருக்கிறது. அது மாத்திரைக்கு ஆறாவிட்டால் பைபாஸ் செய்துகொள்வேன், எடைக்காக மட்டும் செய்துகொள்ளமாட்டேன் என்பதுவரை முடிவெடுத்திருக்கிறேன். முதலில் ரத்தம் ஏற வேண்டும், பி12 ஏற வேண்டும். ஊசியை இப்போது பென்னாகரத்திலேயே போட்டுக்கொள்கிறேன். எதற்கு என்று நர்ஸ் கேட்டார், சொன்னேன். சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றைய பக்கத்தில் மிக்சர் இரண்டு முறை இருக்கிறது.