வேட்டையிடம் கடன் வாங்கிய மறைப்பு

காளிகாட்டில் வசிக்கும் ஒருவர் நீர்ப்பறவைகளைப் படமெடுக்கத் தம் கயாக் படகின்மேல் ஒரு மறைப்பைக் கட்ட விரும்பினால், பொருள்களைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. பட்டுவாபாராவில் தெய்வ உருவங்களுக்கு எலும்புக்கூடாக நிற்கும் மூங்கில் பிளாச்சு, அதன்மேல் சுற்றும் வைக்கோல், இறுக்கிக் கட்டும் சணல் கயிறு ஆகியவையே மறைப்புக்கும் ஏறக்குறையப் போதுமானவை. பறவைகளைத் தேடித்தான் போக வேண்டும். கோயிலருகே ஓடும் ஆதிகங்கை ஒரு காலத்தில் ஹூக்ளியின் முதன்மைப் போக்காக இருந்தது. 1770களில் வில்லியம் டோலி அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கித் தம் பெயரையும் அதற்கு விட்டுச் சென்றார். இன்று அது கரிய சாக்கடை. தெற்கே மெட்ரோ ரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே ஊன்றி நிற்கின்றன. ஆகவே படகு நகரின் கிழக்கு விளிம்பிலுள்ள ஈரநிலங்களுக்கு, கழிவுநீரில் மீன் வளர்க்கும் 'பேரி'களுக்குச் சென்றாக வேண்டும்.

மறைப்பின் கட்டுமானம் எளிமையானது. ஆனால் சிறு பிழையையும் தண்ணீர் மன்னிப்பதில்லை. மாட்டுவண்டிக் கூண்டைப்போல் மூங்கிலை மூன்று நான்கு வளையங்களாக வளைத்துப் படகின் விளிம்புகளில் நிறுத்த வேண்டும். உயரம் உட்கார்ந்தவரின் தலைக்குமேல் ஒரு சாணைத் தாண்டலாகாது. கூண்டு உயர உயரக் காற்று அதைப் பாயாக்கும். எடை மேலேறினால் ஒடுங்கிய படகு கவிழும். சாக்குத்துணிக்குப் பளபளப்பு இல்லை என்பது நன்மை, நனைந்தால் கனப்பது தீமை. கடைகளில் விற்கும் இலை அச்சிட்ட துணி பறவையைவிட வாங்குபவரின் கண்ணையே அதிகம் ஏமாற்றுகிறது. துணியின் நிறத்தைக் காட்டிலும் அதன் படபடப்பே பறவையை எழுப்பும். எனவே அதை இழுத்துத் தைப்பது முக்கியம். லென்ஸுக்கான துளை நீர்மட்டத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பறவையும் படமும் கண்ணோடு கண் சந்திக்கும். நீர் சொட்டி மின்னும் துடுப்பு மறைப்புக்குள்ளிருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். ஆழமற்ற நீரில் ஒரு கழியே சிறந்தது. எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று: கூண்டைப் படகோடு ஆணியடித்து இறுக்கக் கூடாது. கவிழ்ந்த கணத்தில் ஒரே தள்ளலில் அது கழன்று விழ வேண்டும். உயிர்காப்பு உடுப்பும் கட்டாயம்.

இப்படி உருவாகும் பொருளின் வம்சாவளி சற்றுச் சங்கடமானது. கயாக் என்பதே வடதுருவ மக்களின் வேட்டைப் படகு. கிரீன்லாந்தின் கடல்நாய் வேட்டைக்காரர்கள் அதன் முனையில் வெள்ளைத் துணித்திரையைக் கட்டிப் பனிக்கட்டித் துண்டு மிதப்பதுபோல் நெருங்கினர். இந்திய ஏரிகளில் வாத்து பிடித்தவர்களுக்குத் துணிகூடத் தேவைப்படவில்லை. வெறும் மண்பானைகளை நீரில் மிதக்கவிட்டு, வாத்துகள் அவற்றுக்குப் பழகும்வரை காத்திருப்பர். பிறகு கண்துளையிட்ட பானையொன்றைத் தலையில் கவிழ்த்துக் கழுத்தளவு நீரில் நடந்து, பறவைகளின் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக நீருக்குள் இழுப்பர். மறைப்பின் இலக்கணம் முழுவதும் அந்தப் பானையில் இருக்கிறது: மனித உருவம் கலைய வேண்டும், வேகம் மறைய வேண்டும், பழகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மூன்றாம் ஜார்ஜ் ஷிராஸ் இதே கடனைத்தான் வாங்கினார். இரவில் படகின் முனையில் நெருப்பேந்தி மானை நெருங்கும் ஒஜிப்வே மக்களின் முறையை வேட்டைக்காரராகப் பயின்ற அவர், பின்னர் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அவருடைய 74 படங்களை வெளியிட்டது. கருவி மாறியது, நெருங்கும் கலை மாறவில்லை.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகனான இவர் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கை குறித்த பத்தியை எழுதினார். பல கருவிகளின் உதிரிகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார். காட்டு யானைகளை அவர் பழக்கப்பட்ட யானையின் முதுகிலிருந்து படமெடுத்தார். யானையின் மேலிருக்கும் மனிதன் காட்டின் கண்ணில் யானையின் ஒரு பகுதியாகிவிடுகிறான். துணியும் மூங்கிலும் இல்லாத அந்த மறைப்பு விலங்குக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் உருவம். பானையின் பாடமும் இதுவே.

ஒடிஷாவின் சிலிகா ஏரிக்கரையிலுள்ள மங்களஜோடி இதை மேலும் தெளிவாக்குகிறது. ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போன ஊர் அது. வேட்டையாடியவர்கள் பலர் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர். இன்று அவர்கள் கழியூன்றிச் செலுத்தும் திறந்த படகுகளைப் பறவைகள் வியக்கத்தக்க நெருக்கத்தில் அனுமதிக்கின்றன. படகுகளில் கூண்டு இல்லை. பறவைகளிடம் படகைப் பற்றிய அச்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொல்கத்தாவின் பேரிகளில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலங்கள் 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நகரின் கழிவுநீரை மீனாகவும் காய்கறியாகவும் மாற்றும் இவற்றின் அறிவியலையும், அதைக் காத்துவரும் மக்களின் அறிவையும் உலகுக்கு எடுத்துரைத்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். ஆனால் இது சரணாலயம் அல்ல, வேலைத்தலம். மீன்களைத் தின்னும் நீர்க்காகம் இங்கே இழப்பின் பெயர். மீன் திருட்டுக்கு அஞ்சி நீர்நடுவே 'ஆலாகர்' என்னும் காவல்குடிசைகளை அமைத்திருக்கிறார்கள். அத்தகைய நீரில் விடியலுக்கு முன் ஆளைக் காட்டாமல் நகரும் சாக்குக் கூண்டு காவலிருப்பவருக்கு எப்படித் தோன்றும்? பறவையிடமிருந்து ஒளிபவர் மனிதரிடமிருந்தும் ஒளிகிறார். பேரியை நடத்துவோரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது ஒரு நாகரிகச் சடங்கு அன்று. மறைப்பின் முதல் வளையமே அதுதான்.

வங்கத்தின் குளங்களில் இன்னும் காணப்படும் டோங்கா, பனைமரத் தண்டைக் குடைந்து செய்யப்படுவது. உள்ளே மென்மையும் வெளியே வைரமும் கொண்ட அந்த மரத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் ஏறி வலை இழுப்பவருக்கு ஒளிய இடமே இல்லை; உரக்கப் பேசியபடி எழுந்து நிற்கிறார். வரப்பில் நிற்கும் கொக்குகளோ பறந்துவிடாமல், வலை கரையேறக் காத்திருக்கின்றன.