பழைய சீட்டு

சில ஊர்ப் பெயர்களுக்குத் துரதிர்ஷ்டம் உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று ஓர் இடம். மற்றப் பேட்டைகளைப் போல அதுவும் ஒரு பேட்டை. ஆனால் அந்தப் பெயரை நாலு பேர் நடுவில் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் சிரிப்பார். மனநோய் ஆஸ்பத்திரி 1871-இல் அங்கே குடியேறியதுதான் காரணம். அன்று முதல் அந்தப் பெயரைக் கேலிக்கு என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் என் கதைகளில் இரண்டு இடத்தில் அந்தக் கேலியைச் செய்திருக்கிறேன். நன்றாகச் சிரித்ததாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தச் சிரிப்புக்கும் ஒரு விலை உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

என் அத்தை பிள்ளை கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தார். சாது. அவருக்கு இருபத்தாறு வயதில், ஒரு மாசி மாதத்தில், தூக்கம் போயிற்று. இரவு இரண்டு மணிக்குத் தெருவை எழுப்பி, தாம் திறக்கப்போகும் ஐந்து கடைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கடனுக்குப் பட்டுப் புடவைகளை எடுத்து வந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார். பத்தாம் நாள் நாலு பேர் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இருமுனை மனநோய் என்றார்கள். மனம் ஒரு சமயம் உச்சிக்கு ஏறும். இன்னொரு சமயம் பாதாளத்துக்கு இறங்கும். லித்தியம் கொடுத்தார்கள். அது ஒரு வகை உப்பு. இந்த நோய்க்கு அது உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் எழுதினார். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அத்தான் தேறி வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஏழெட்டு வருஷம் சத்தமே இல்லை.

சத்தம் இல்லாததைத்தான் நாங்கள் சுகம் என்று எடுத்துக்கொண்டோம்.

திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். பாட்டுக் கேட்பதை விட்டார்; பேப்பர் பார்ப்பதையும் விட்டார். "இப்போ ஒரு தொந்தரவும் இல்லை தம்பி, தங்கமா இருக்கார்" என்பாள் அக்கா. மாதாமாதம் அவள்தான் போய் மாத்திரை வாங்கி வருவாள். அவருக்கு அந்த வாசலை மிதிக்க இஷ்டமில்லை. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சண்டை போடுகிறாரா என்று அங்கே கேட்பார்கள். அவளும் சரியான பதிலையே சொல்வாள். நீண்ட வரிசை, ஒரு நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காது. ராத்திரி விழித்துக்கொண்டு என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு, நோயாளி அங்கே இல்லையே!

இந்த நோய் உள்ள 146 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2002-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்கள் நூறு வாரம் வாழ்ந்தால், உச்சியில் இருந்தது சுமார் 9 வாரம். சோர்வில் கிடந்தது சுமார் 32 வாரம். ஊர் நினைவில் வைத்துக்கொள்வதோ அந்த ஒன்பதைத்தான். முப்பத்திரண்டை யாரும் பார்ப்பதில்லை. அது யாரையும் எழுப்புவதில்லை அல்லவா?

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக அத்தான் சென்னைக்கு வந்து என் வீட்டில் தங்கினார். விடியற்காலையில் மொட்டை மாடியில் அவர் தனியே நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனேன்.

"சாகணும்னு இல்லை மாப்பிள்ளை. காலையில் கண் முழிக்காமலே இருந்துவிட்டால் தேவலைன்னு இருக்கு" என்றார், கடைக் கணக்கைச் சொல்லுகிற குரலில்.

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அன்றே அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பழைய இடத்துக்கு அல்ல. மனச்சோர்வுக்கு ஆலோசனை என்று போர்டு போட்ட புதிய இடம். மீன் தொட்டி, மெத்தை வைத்த நாற்காலி. மனச்சோர்வு இப்போது ஓரளவு கௌரவம் பெற்றுவிட்ட நோய். சினிமா நட்சத்திரங்களே தங்களுக்கு இருந்தது என்று சொல்லுகிறார்கள். பழைய நோய்க்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை.

ஒன்பது கேள்விகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். அத்தான் கணக்குப்பிள்ளையின் சிரத்தையோடு நிரப்பினார். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மாள், "இதற்கு முன்னால் மனநோய்க்கு வைத்தியம் எடுத்ததுண்டா?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரியின் பழைய சீட்டு என் பையில்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

மனச்சோர்வுக்கு என்று தனியாகக் கொடுக்கும் மாத்திரை, இருமுனை நோய் உள்ளவர்களில் சிலரை உச்சிக்குத் தூக்கிவிடும். கூடவே லித்தியம் போன்ற மருந்து காவலுக்கு இருக்க வேண்டும். அத்தானோ புது மாத்திரை வந்த சந்தோஷத்தில் பழையதை நிறுத்திவிட்டார். நாலாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. ஐந்து கடைகள் இப்போது பன்னிரண்டு ஆகியிருந்தன.

மறுபடி ஆஸ்பத்திரி. அவர் தேறிய பிறகு நான் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த டாக்டர் அம்மாளிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் கொண்டுவந்த சோர்வும் இதே நோயின் மறுபக்கம்தான். தெரிந்திருந்தால் வேறு விதமாக மருந்து கொடுத்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தானின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது என் மானம்.

இப்போது வழிகள் இல்லாமல் இல்லை. மனநல வைத்தியத்தை ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் காசில்லாமல் ஆலோசனை கேட்கலாம். கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. பாதி உண்மையைப் பையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் நாம்தான்.

இப்போது அத்தான் தாமே டாக்டரிடம் போகிறார். ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். தினமும் எத்தனை மணி தூங்கினார், மனம் எப்படி இருந்தது என்று வரவு செலவு போல எழுதுகிறார். எல்லா நாளும் வரவு இல்லை. பற்று விழுந்த நாட்களும் உண்டு. ஆனால் அவற்றையும் ஒருவர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். பழைய சீட்டை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.

என் இரண்டு கதைகளிலும் அந்தக் கேலியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சிரித்துக் கடிதம் எழுதிய வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.